சாலையில் காய்ந்த நெல்லும் குன்றின்மேல் நின்ற புள்ளியும்

மனு விசாரணையில், 11.02.2025 அன்று காவல் உதவி ஆய்வாளர் அவர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: கல்யாணசுந்தரி. வயது: 48. தகப்பனார் பெயர்: (காலஞ்சென்ற) சோமு. கல்வி: எம்.எஸ்சி., இயற்பியல். தொழில்: காப்புரிமைத் தேடல் ஆய்வாளர். முகவரி: கோவில்பத்து, காரைக்கால்.

நான் மேற்படி முகவரியில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊருக்குத் திரும்பி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் அதே பணியைச் சொந்தமாகச் செய்து வருகிறேன். ஒருவர் ஒரு கருவியைக் கண்டுபிடித்ததாகச் சொன்னால், அவருக்கு முன்பே வேறு யாராவது அதைக் காப்புரிமை அலுவலகங்களில் பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் செய்திருப்பார்கள். என்னிடம் மதிவதனி, வயது 26, என்பவர் பணிபுரிகிறார். தேடிக் கிடைத்த தகவல்களைத் திரையில் தொட்டுப் பார்க்கும் படங்களாக மாற்றுவதில் அவர் பயிற்சி பெற்றவர். அந்தப் படங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அட்டவணையில்தான் எனக்கு நம்பிக்கை.

திருமலைராயன்பட்டினத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நஸ்ருதீன் என்பவரையும், அம்பகரத்தூர் விவசாயி இளையபெருமாள் என்பவரையும் எனக்கு இந்த விவகாரத்துக்கு முன்பு தெரியாது. கடந்த மாதம் பொங்கல் கழிந்த வாரத்தில் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அறுவடை நெல்லைச் சாலையில் பரப்பிக் காயவைக்கும்போது அதைக் கிளறிவிடவும், காய்ந்த பிறகு கூட்டிக் குவிக்கவும் நஸ்ருதீன் ஒரு தள்ளுவண்டி செய்து விற்று வந்திருக்கிறார். இரண்டு சைக்கிள் சக்கரம், நடுவில் மரப்பல் வைத்த உருளை, பின்னால் ஒரு பலகை. பலகையைத் தூக்கி வைத்துத் தள்ளினால் நெல்லைக் கிளறும். இறக்கி வைத்துத் தள்ளினால் நெல்லைக் கூட்டும். இது தங்களுடைய காப்புரிமை என்றும், செய்வதையும் விற்பதையும் உடனே நிறுத்த வேண்டும் என்றும் வெளியூர் வேளாண் கருவி நிறுவனம் ஒன்று அவருக்கு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருந்தது. நஸ்ருதீன் பட்டறையைப் பூட்டிவிட்டார். சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. வண்டி கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அறுவடை முடிந்துவிட்டால் பிறகு வருஷம் முழுவதும் அந்த வண்டியை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவர் சொன்னார்.

நம்பிக்கை வைக்க வேண்டாம், தேடிப் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன். நஸ்ருதீன், "நம்பிக்கைய நாங்க பாத்துக்குறோம், நீங்க தேடுங்கம்மா" என்றார்.

அதன் பிறகு நானும் மதிவதனியும் தேடலைத் தொடங்கினோம். தானியத்தைக் காயவைப்பது, கிளறுவது, கூட்டுவது சம்பந்தமாகப் பல நாடுகளிலிருந்து சில நூறு ஆவணங்கள் கிடைத்தன. நிறுவனத்தின் காப்புரிமையையும் எடுத்துப் படித்தேன். அதன் உயிர், தூக்கி இறக்கும் அந்தப் பலகையில் இருந்தது. அதற்கு முந்தைய தேதியில் அதே அமைப்பு வேறெங்காவது வெளியாகியிருந்தால் அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. கிடைத்தவற்றைத் தலைப்பையும் சுருக்கத்தையும் வைத்துத் தரம் பிரித்து, மேலே வந்தவற்றை முழுதாகப் படித்தேன். சிலவற்றில் பலகை இருந்தது, தூக்க முடியவில்லை. சிலவற்றில் தூக்க முடிந்தது, டிராக்டர் தேவைப்பட்டது. இவற்றை ஓர் அட்டவணையாகத் தயாரித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மதிவதனி ஒப்புக்கொள்ளவில்லை. "மேடம், அந்த எக்செல் ஷீட்ட அவங்க மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுப்பாங்க. படமாக் குடுத்தா விரல வெச்சுப் பாப்பாங்க" என்றார். அதன் பேரில் அவர் ஓர் அறிக்கையைத் தயாரித்தார். ஒவ்வொரு காப்புரிமையும் ஒரு புள்ளி. செல்லுபடியாக இருப்பவை சிவப்பு. காலாவதியானவை, கைவிடப்பட்டவை சாம்பல் நிறம். கீழே ஆண்டுகளின் கோடு. அதை இழுத்தால் அந்த ஆண்டு வரையிலான புள்ளிகள் மட்டும் நிற்கும். புள்ளியைத் தொட்டால் அந்தக் கருவியின் படமும் செய்தவர்களின் பெயர்களும் திறக்கும். விண்ணப்பதாரரின் முகவரியை வைத்து எல்லாப் புள்ளிகளும் வரைபடத்தில் அதனதன் ஊரில் நிற்கும்.

அதைச் சரிபார்த்தபோது, ஆந்திர மாநிலத்தில் ஒரு குன்றுப் பகுதியில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று தனியாக நிற்பதைக் கண்டேன். விண்ணப்பதாரரின் முகவரியில் ஊர்ப் பெயர் விட்டுப்போய், புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்று மட்டும் இருந்தது. நம் ஒன்றியப் பகுதி, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பது தெரிந்ததே. மென்பொருளுக்கு ஊர் தெரியாததால், நான்கையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு அதன் நட்டநடுவில் புள்ளியை வைத்துவிட்டது. நடு, ஆந்திராவில் வந்து விழுந்தது. நாங்கள் நான்கு ஊர்க்காரர்களும் நாலு திசையில் இருக்க, எங்களில் ஒருவரும் போயிராத ஒரு குன்று எங்கள் தலைநகரம் ஆகிவிட்டது. இது முகவரிப் பிழை, எடுத்துவிடுங்கள் என்று மதிவதனியிடம் சொன்னேன். அதன் தலைப்பு 'தானியப் பரப்பைச் சீரமைக்கும் அமைப்பு' என்று பொத்தாம்பொதுவாக இருந்ததால் அது என் தரப் பட்டியலில் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. மதிவதனி எடுத்துவிடுகிறேன் என்றார். எடுக்கவில்லை.

இதற்கிடையில் இளையபெருமாள், நிறுவனத்தின் பிரதிநிதி செந்தில்குமார் என்பவரோடு பேசி, நேரில் வந்து பார்த்தால் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று அழைத்திருந்தார். அதன்படி கடந்த ஞாயிற்றுக்கிழமை, 09.02.2025 அன்று, நானும் மதிவதனியும் அம்பகரத்தூரில் உள்ள இளையபெருமாள் வீட்டுக்குப் போனோம். அவர் வீடு ஒரு சிமெண்டுச் சாலையின் கடைசியில் இருக்கிறது. அதற்கு அந்தாண்டை குளம், வேறு வழி இல்லை. செந்தில்குமார் முன்பே வந்து காரைக் குளத்தோரம் நிறுத்தியிருந்தார். அக்கம்பக்கத்து விவசாயிகள் சுமார் இருபது பேர் வந்திருந்தார்கள். (எழுத்தர் இந்த இடத்தில் 'கூட்டம் கூடியிருந்தது' என்று எழுதினார். நான் சொன்னபடி திருத்தப்பட்டது.) மதிவதனி தன் லேப்டாப்பை வீட்டு டிவியில் இணைத்தார். ஒரு டேப்லட்டைக் கைமாற்றிக் கொடுத்தார். அதில் தொட்டால் டிவியில் தெரியும்.

நாங்கள் உள்ளே இதைச் செய்துகொண்டிருந்தபோது வெளியே நெல் பரப்பப்பட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் வெயில் உள்ள நாளை யாரும் விடுவதில்லை. வழக்கமாகப் பாதிச் சாலையில் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து, மறு பாதியை வண்டிகளுக்கு விடுவார்கள். அன்று இடது பக்கத்தில் இளையபெருமாளின் ஆட்கள் பரப்பினார்கள். எதிர்வீட்டார், இளையபெருமாள் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் வந்தாகிவிட்டது, இனி எந்த வண்டி போகப்போகிறது என்று வலது பக்கத்தில் பரப்பிவிட்டார்கள். இவர்கள் அவர்களையும் அவர்கள் இவர்களையும் கேட்கவில்லை. செந்தில்குமாரின் காரைத் தடுப்பதற்காக நெல் கொட்டப்பட்டது என்று இந்த நிலையத்துக்கு வந்திருக்கும் புகாரில் உள்ளது. கார் அந்தாண்டை நிற்பது நெல் கொட்டியவர்கள் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

அதன் பிறகு அறிக்கை காட்டப்பட்டது. நான் ஒரு சிறு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை. டேப்லட் கைமாறிக்கொண்டே போனது. ஆண்டுக் கோட்டை ஒருவர் பின்னால் இழுக்க, வரைபடம் எங்கும் புள்ளிகள் மறைந்தன. முன்னால் தள்ள, மழைக் காளான் மாதிரி முளைத்தன. ஒரு பெரியவர் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். இன்னொருவர் சீனாவில் ஒரு புள்ளியைத் தொட்டு, திறந்த படத்தைப் பார்த்து, "இது நம்ம சிங்காரம் வெச்சிருந்த ஓட்ட வண்டிடா" என்றார். செந்தில்குமார் தன் நிறுவனத்தின் சிவப்புப் புள்ளியைத் தொட்டு அதை எல்லோருக்கும் மரியாதையாக விளக்கினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். நஸ்ருதீன் மட்டும் திரையைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது இளையபெருமாளின் மனைவி குஞ்சம்மா, டேப்லட் தன் கைக்கு வந்ததும், ஆந்திராவில் நின்ற அந்தப் புள்ளியைக் காட்டி, "இது யாருது டீச்சரம்மா, பக்கத்துல ஆளே இல்லாம ஒத்தையா நிக்குது?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை. அது பிழை, அதை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அவர் அதற்குள் தொட்டுவிட்டார்.

படம் திறந்தது. இரண்டு சக்கரம், நடுவில் பல் வைத்த உருளை, பின்னால் ஒரு பலகை, பலகையைத் தூக்கிய நிலையில் ஒரு படம், இறக்கிய நிலையில் ஒரு படம். நான் எழுந்து டிவிக்கு அருகில் போய்ப் பார்த்தேன். வெளியான தேதி, நிறுவனத்தின் விண்ணப்பத்துக்குப் பல ஆண்டுகள் முந்தியது. விண்ணப்பித்தது காரைக்கால் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று. நான் சொன்னதால் மதிவதனி கண்டுபிடித்தவர்களின் பெயர்களைச் சத்தமாகப் படித்தார். நான்கு மாணவர்கள். கடைசிப் பெயரை, "தேவிகா, தகப்பனார் பேரு உத்திராபதி, நெடுங்காடு" என்று படித்தார்.

குஞ்சம்மா, "உத்திராபதி என் சம்பந்தி பேருல்ல" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இளையபெருமாளின் மருமகள் தேவிகா, காரைக்காலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவர், டீத் தட்டுடன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தட்டை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. பிறகு நடந்த உரையாடலை, விசாரணைக்குத் தேவை என்று உதவி ஆய்வாளர் அவர்கள் சொன்னதால் இயன்றவரை அப்படியே சொல்கிறேன்.

தேவிகா: "காலேஜ்ல பண்ணுன ப்ராஜெக்ட் அத்தை. மார்க் போட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் மேல எழுதிக் கேக்காம அது செத்துப்போச்சு. செத்தத எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

குஞ்சம்மா: "மார்க் போட்டாங்களாம். பாய் வண்டி செஞ்சு குடுக்குற வரைக்கும் அந்த ரோட்டுச் சூட்டுல என் காலால கிளறிக்கிட்டுக் கெடந்தேன். நீ பாத்துக்கிட்டே பையத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போனே."

தேவிகா: "கல்யாணம் ஆயி வந்த அன்னைக்கே படத்தக் காட்டியிருந்தா, வந்ததும் வராததுமா மாமியார மாட்டு வண்டியில பூட்டப் பாக்குறான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்க."

குஞ்சம்மா: "சொல்லியிருப்பேன்தான்."

தேவிகா: "பாய் மொதல்ல செஞ்ச வண்டியில பலக அசையாது. அதத் தூக்கி எறக்குற மாதிரி வைக்கச் சொல்லுங்கன்னு நான்தான் மாமாகிட்ட சொன்னேன்."

நஸ்ருதீன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "அண்ணே, ராத்திரியெல்லாம் தூங்காம நீங்களே யோசிச்சதா சொன்னீங்க?" என்று இளையபெருமாளைக் கேட்டார். இளையபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். அங்கே எழுந்த சிரிப்பு சாலை முனை வரை கேட்டிருக்கும். நிறுவனத்தைக் கேலி செய்து கூச்சலிட்டதாகப் புகாரில் உள்ள பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். சிரிப்பு முழுவதும் இளையபெருமாளைப் பற்றியது. செந்தில்குமாரும் சிரித்தார்.

பிறகு நான் அவர்களுக்கு விளக்கினேன். விண்ணப்பம் கைவிடப்பட்டதால் தேவிகாவுக்கோ கல்லூரிக்கோ அதில் உரிமை இல்லை. ஆனால் அது வெளியாகிவிட்டது. வெளியான பொருளைப் பிறகு வந்த ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வது கடினம். இதை முடிவு செய்ய வேண்டியது உரிய மன்றம், நான் அல்ல என்றும் சொன்னேன். நஸ்ருதீன், "செத்துப்போனதா இருந்தாலும் சாட்சி சொல்லும்னு சொல்றீங்க" என்றார். ஆம் என்றேன். அவர் முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் போன் செய்து தம்ரூட் இனிப்பு கொண்டுவரச் சொன்னார். செந்தில்குமார் தனியே போய்த் தன் அலுவலகத்தாரிடம் போனில் நீண்ட நேரம் பேசிவிட்டு வந்து, ஆவணத்தின் எண்ணைத் தனக்கு அனுப்பும்படி என்னிடம் கேட்டார். அனுப்பினேன்.

அதன் பிறகு தம்ரூட் வந்தது. செந்தில்குமாரை வற்புறுத்தி இனிப்புத் தின்ன வைத்தார்கள் என்று புகாரில் உள்ளது. அவர் முதல் துண்டை நஸ்ருதீன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த துண்டுகளைத் தானே எடுத்துக்கொண்டார். இதன் பெயர் என்ன, ரவையா என்று கேட்டு மனைவிக்குப் படமும் எடுத்து அனுப்பினார்.

இந்த நேரத்தில் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. மாசி பிறக்கும் சமயத்தில் மழை வருவது அரிது, வந்தால் காய்ந்த நெல் போய்விடும். யாரோ "நெல்லு" என்று சொன்னதும் வீடு காலியானது. சாலை முழுவதும், குளத்தோரத்திலிருந்து முனை வரை, நெல். பலகையும் கூடையும் போதவில்லை. இளையபெருமாளின் வண்டி கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அறிவிப்பு வந்ததிலிருந்து பயந்து யாரும் அதைத் தொடவில்லை. ஒப்பிட்டுக் காட்ட நஸ்ருதீன் கொண்டுவந்திருந்த இன்னொரு வண்டி வாசலில் நின்றது. இளையபெருமாள் ஒரு கணம் செந்தில்குமாரைப் பார்த்தார். செந்தில்குமார், "என்னைய எதுக்குங்க பாக்குறீங்க, மழை நிக்குமா? எடுங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வண்டியைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கினார். குஞ்சம்மா, "தம்பி, கால்ல ஷூ. நெல்லு கெடக்குல்ல" என்றார். அவர் அங்கேயே ஷூவைக் கழற்றினார். காலணியுடன் நெல்லின்மேல் யாரும் நடப்பதில்லை. நானும் என் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன். பலவந்தமாகக் காலணியைக் கழற்ற வைத்தார்கள் என்பது இதைப் பற்றியது.

செந்தில்குமார் பலகையை இறக்காமல் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டார். நெல் புரண்டதே தவிர குவியவில்லை. தேவிகா பின்னாலேயே ஓடி, "பலகைய எறக்குங்க சார், உங்க பேட்டன்ட்லதான் எழுதியிருக்கே" என்றார். அவர் இறக்கினார். நெல் குவிந்தது. இன்னொரு வண்டியை நஸ்ருதீன் தள்ளினார். இருவரும் எதிரெதிர் முனையிலிருந்து தள்ளிவந்து நடுச்சாலையில் சந்தித்தபோது, குவியல் இடுப்பளவு இருந்தது. மதிவதனி தார்ப்பாயின் ஒரு முனையையும் நான் மறு முனையையும் பிடித்துக்கொண்டு மூடினோம். எட்டுத் தூறல் விழுந்தது. அவ்வளவுதான். மேகம் கடலுக்கே போய்விட்டது.

சாலை காலியானதால் செந்தில்குமாரின் கார் போக வழி கிடைத்தது. அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, ஒரு டப்பா தம்ரூட்டுடன் புறப்பட்டார். காலில் ஷூ இல்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

மறுநாள், நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து, நஸ்ருதீனுக்கு அனுப்பிய அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் வந்தது. அதே நாளில் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து, தங்கள் ஊழியரை வழிமறித்து, காலணியைப் பறித்து, கூலி வேலை வாங்கி, இனிப்புத் தின்ன வைத்ததாக, நஸ்ருதீன், இளையபெருமாள் இருவர் பேரிலும் இந்த நிலையத்துக்கு மின்னஞ்சலில் புகார் வந்திருக்கிறது. புகாரில் செந்தில்குமாரின் கையொப்பம் இல்லை. நேற்று மாலை அவரே எனக்குப் போன் செய்து, "மேடம், ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி உக்காந்திருக்க, சிரிச்சுக்கிட்டே சொன்னதுங்க அது. எங்க மேனேஜர் சிரிக்காம எழுதிட்டாருங்க" என்றார். தானே வந்து எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். ஷூவைப் பற்றிக் கேட்டார். அது குஞ்சம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால்தான் தருவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதை மிரட்டலாக எழுதிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புகாரில் உள்ள சம்பவங்கள் எல்லாமே நடந்தவை. அவற்றில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. செந்தில்குமாரை யாரும் மிரட்டவோ தடுக்கவோ இல்லை.

இன்று காலை இங்கே வரும் வழியில் திருமலைராயன்பட்டினம் போய், அறிக்கையின் ஒரு பிரதியை நஸ்ருதீனிடம் கொடுத்தேன். பட்டறை திறந்திருந்தது. வெல்டிங் சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வாசலில் ஐந்து வண்டிகளின் சட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன, பச்சைப் பெயின்ட்.

அறிக்கையில் அந்தப் புள்ளி இடம் மாற்றப்பட்டதா என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். ஞாயிறு மாலை அங்கிருந்தபடியே மதிவதனி அதைக் குன்றிலிருந்து எடுத்துக் காரைக்காலில் வைத்தார். காரைக்காலில் எங்கே என்று தேவிகா கேட்டதற்கு, பெரிதாக்கி, நெடுங்காட்டிலேயே வைத்தார். கைவிடப்பட்டது என்பதால் நிறம் சாம்பலாகவே இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். குஞ்சம்மா சிவப்பு கேட்டார். சாம்பலாகவே இருக்கிறது. நேற்று இரவு சாப்பிட்ட பிறகு, வேலை எதுவும் இல்லாமல், நான் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். சரியாகத் திறந்தது.

இந்த வாக்குமூலம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். நானே வாங்கிப் படித்தேன். மேலே குறித்த ஒரு திருத்தம் தவிர, நான் கண்டதும் கேட்டதும் இதில் உள்ளபடியே நடந்தன. கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்று உறுதி கூறி, சுயநினைவுடன் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
கல்யாணசுந்தரி